அடித்தது அடிக்காததாகக் கடவது

நடந்ததை நடக்காததாக்கும் வரத்தை எந்தத் தெய்வமும் எந்த முனிவருக்கும் கொடுத்ததாகப் புராணத்தில் இல்லை. கல்லைப் பெண்ணாக்கியிருக்கிறார்கள். பெண்ணைக் கல்லாக்கியிருக்கிறார்கள். செத்தவனை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால், "நீ அவளை அடிக்கவே இல்லை, போய் வா" என்று சொல்லி, விழுந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக ஒரு கதையும் கிடையாது. அந்த வல்லமை நம் உயர் நீதிமன்றங்களுக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதன் எண் 482. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528. எண் எதுவானாலும் நீதிமன்ற வளாகத்தில் மூத்த வக்கீலிலிருந்து ஜெராக்ஸ் கடைப் பையன் வரைக்கும் சொல்வது ஒரே பெயர்தான்: குவாஷ். "ஒரு குவாஷ் போட்டுடலாம் சார், மேட்டர் ஓவர்."

மேட்டர் என்ன என்று பார்ப்போம். மகளிர் காவல் நிலையத்தில் ஒரு பெண் கொடுத்த புகாரில் இருப்பது இது: கல்யாணமான மூன்றாம் மாதம் கார் கேட்டார்கள். ஆறாம் மாதம் கணவன் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மாமியார் கையில் சூடு வைத்தார். நகையைப் பிடுங்கிக்கொண்டு நள்ளிரவில் வெளியே தள்ளினார்கள். நாலு வருடம் கழித்து அதே பெண், அதே கையால், உயர் நீதிமன்றத்தில் கையெழுத்திடும் கூட்டு மனுவில் இருப்பது இது: இரு தரப்பினருக்கும் இடையே ஏற்பட்ட சிறு கருத்து வேறுபாட்டினாலும் தவறான புரிதலினாலும் மேற்படி வழக்கு பதிவாகிவிட்டது, பெரியோர்கள் மற்றும் நலம் விரும்பிகளின் முயற்சியால் அனைத்தும் சுமுகமாகத் தீர்ந்துவிட்டது, எனவே வழக்கை ரத்து செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை. சுவர் போயிற்று. சூடு போயிற்று. கருத்து வேறுபாடு மட்டும் மிச்சம். அவள் தலைக்கும் சுவருக்கும் இடையே இருந்த கருத்து வேறுபாடாக இருக்கும்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தவளுக்கு, அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் இந்த நாடு மிச்சம் வைக்கவில்லை. என் கோபம், அந்தக் காகிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, "நீதியின் நோக்கம் நிறைவேறியது" என்று எழுதிக் கோப்பை மூடுகிறவர்கள் மேல்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்ற பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. எழுபதுகளின் கடைசியில் தில்லியில் ஸ்டவ் ஸ்டவ்வாக வெடித்தது. அந்த ஸ்டவ்களுக்கு அபார மூளை. புது மருமகள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் வெடிக்கும், மாமியார் பால் காய்ச்சும்போது வெடிக்காது. 1979-ல் மகளைத் தீயில் இழந்த சத்யராணி சத்தா போன்ற தாய்மார்கள் தெருவில் நின்று கத்தியதால் 1983-ல் பிறந்தது அந்தப் பிரிவு. கணவனோ அவன் உறவினரோ கொடுமை செய்தால் மூன்று வருடம் வரை சிறை, அபராதம். பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சமரசம் செய்துகொள்ள முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவளே வந்து 'மன்னித்துவிட்டேன்' என்றாலும் கீழ்க்கோர்ட் மாஜிஸ்திரேட் வழக்கை மூட முடியாது. காரணம், இது அவளுக்கு எதிரான குற்றம் மட்டும் அல்ல, சமுதாயத்துக்கே எதிரான குற்றம். அவளை மிரட்டியோ காசைக் காட்டியோ அவள் வாயை யாரும் அடைத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்.

நல்லெண்ணம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதே சட்டப் புத்தகத்தில், மனைவியின் கையை முறித்தால், அதாவது பிரிவு 325-ன் கொடுங்காயம், நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். அவள் உயிரோடு இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டால், பிரிவு 494, அதையும் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். 420-ஐக்கூடச் செய்துகொள்ளலாம், நாட்டில் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்த ஒரே எண் அது. ஆனால் கார் கேட்டுக் கன்னத்தில் அறைந்தால் சமரசம் கூடாது. அப்படி ஓர் உறுதி. அந்த உறுதியின் உண்மையான பலன் ஒன்றே ஒன்று: கிருஷ்ணகிரிப் பெண் ஓசூரில் முடித்திருக்க வேண்டிய காரியத்துக்குச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். ராமநாதபுரத்துப் பெண் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். புது வக்கீல், புது ஃபீஸ், புது குமாஸ்தா, புது ஜெராக்ஸ். சமரசத்தைச் சட்டம் தடுக்கவில்லை; சமரசத்துக்கு டோல்கேட் போட்டது, அவ்வளவுதான்.

டோல் கட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? இங்கேதான் நம் நீதி பரிபாலனத்தின் முழு அழகும் இருக்கிறது, கொஞ்சம் நின்று ரசிக்கலாம். உயர் நீதிமன்றம் போக வசதி இல்லாத குடும்பங்கள் உள்ளூரிலேயே பேசி முடித்துவிடும். பிறகு விசாரணை நாள். அவள் கூண்டில் ஏறுவாள். சத்தியப் பிரமாணம் செய்வாள். அரசு வக்கீல் கேட்பார், "உங்களை எதிரி அடித்தாரா?" "இல்லைங்க." "வரதட்சணை கேட்டாரா?" "கேக்கலைங்க." "அப்போ இந்தப் புகார்?" "ஸ்டேஷன்ல கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன். என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாதுங்க." அரசு வக்கீல் எழுந்து, சாட்சி பிறழ் சாட்சியாகிவிட்டார் என்று அறிவித்து, சம்பிரதாயத்துக்கு நாலு குறுக்குக் கேள்வி கேட்பார். அவர் கேட்பதும் நடிப்பு, அவள் மறுப்பதும் நடிப்பு, எதிரித் தரப்பு வக்கீல் "குறுக்கு விசாரணை இல்லை" என்பதும் நடிப்பு. சமரசப் பணத்துக்கான டிடி எந்தப் பையில் இருக்கிறது என்று பெஞ்ச் கிளார்க்குக்குக்கூடத் தெரியும். குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை, எதிரிகள் விடுதலை. ஒரு பெண் பொய் சொல்லிவிட்டாளே என்று யாரும் திடுக்கிடுவதில்லை. பொய் சொல்வதைத் தவிர அவளுக்கு வழி வைக்காத சட்டத்தை இயற்றிவிட்டு, பொய்ச் சாட்சி குற்றம் என்று எழுதிய பலகையை அதே கூண்டுக்கு நேர் எதிரே மாட்டி வைக்கவும் நாம் தயங்க மாட்டோம்.

ஆக, பணம் உள்ளவன் குற்றம் மேலே ரத்தாகும். பணம் இல்லாதவன் குற்றம் கீழே நிரூபிக்கப்படாமல் போகும். இரண்டிலும் அடித்தவன் அடிக்காதவன்.

இனி வேடிக்கையின் அடுத்த அங்கம். இப்படி விடுதலையான வழக்குகளை எல்லாம் கூட்டிக் கழித்து, "தண்டனை விகிதத்தைப் பாருங்கள், எல்லாம் பொய் வழக்கு" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். தொலைக்காட்சி விவாதத்தில் உட்காரும். வாட்ஸ்அப்பில் உலாவும். உச்ச நீதிமன்றமே 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் அந்தக் கணக்கைப் போட்டது. 2012-ன் புள்ளிவிவரப்படி 498ஏ வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாவது 93.6 சதவீதம், தண்டனை கிடைப்பது 15 சதவீதம். நிலுவையில் 3,72,706 வழக்குகள். அவற்றில் ஏறத்தாழ 3,17,000 விடுதலையில்தான் முடியும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். சாட்சி விசாரணை ஆரம்பிக்காத வழக்குக்கும் சேர்த்து முன்கூட்டியே முடிவு சொல்லும் இந்தக் கலைக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு; அதற்கு வெற்றிலையில் மை தடவுவார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் தப்பித்தால், எண்பத்தைந்து பெண்கள் பொய் சொன்னார்கள் என்று ஒரு கணக்கு. எண்பத்தைந்து பெண்களுக்கு வழக்கை நடத்திக் காட்ட நமக்கு வக்கில்லை என்று இன்னொரு கணக்கு. நம் நீதிமான்களுக்கு முதல் கணக்கு மட்டும்தான் வரும்.

இந்தப் பக்கத்தில் மட்டும் அயோக்கியத்தனம் என்று நான் சொல்லவில்லை. அதே தீர்ப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: அந்த ஒரு வருடத்தில் கைதானவர்கள் 1,97,762 பேர், அதில் 47,951 பேர் பெண்கள். மாமியார், நாத்தனார், கொழுந்தன் மனைவி. சிங்கப்பூரில் வேலை செய்கிற, கல்யாணத்துக்கு மூன்று நாள் வந்து போன நாத்தனார் ஏ4, அதாவது நாலாம் எதிரி. படுக்கையில் கிடக்கும் பாட்டி ஏ6. ஏன்? அந்தப் பெண் சொன்னாளா? பல நேரம் அவள் சொன்னது ஒருவனை, மிஞ்சிப் போனால் இருவரை. மீதியைச் சேர்த்தது புகாரை எழுதிக் கொடுத்தவரின் தொழில் திறமை. "எத்தனை பேரைச் சேர்க்கிறோமோ அத்தனை சீக்கிரம் பேச வருவாங்கம்மா." பாட்டியின் பெயர் எஃப்ஐஆரில் இருப்பது பாட்டி குற்றம் செய்தாள் என்பதற்காக அல்ல, பாட்டிக்காகப் பேரன் இன்னும் ஐந்து லட்சம் ஏற்றிக் கொடுப்பான் என்பதற்காக. கருப்பு அங்கி போட்டுக்கொண்டு இதைச் செய்கிற கனவான்களை நினைத்தால் எனக்கு அந்த மாமியார்கள்கூடப் பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது. அவர்களாவது கார் கேட்டதோடு நிறுத்தினார்கள்.

காவல் நிலையத்துக்கு வருவோம். பெண்கள் பயமின்றிப் புகார் கொடுக்க வேண்டும் என்றுதான் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. போனால் உடனே எஃப்ஐஆர் போடுவார்களா? சிஎஸ்ஆர் என்ற ரசீது போடுவார்கள். பெட்டிஷன் என்கொயரி. இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, "குடும்பம்னா நாலும் இருக்கும்மா, நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ." குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று 2013-ல் லலிதா குமாரி தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முதற்கட்ட விசாரணையில் விசாரிப்பது அடித்தானா என்று அல்ல. நகை எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, எவ்வளவுக்கு முடிச்சுக்கலாம்.

அங்கே படியாவிட்டால் எஃப்ஐஆர். கணவன் முன்ஜாமீனுக்கு ஓடுவான். அங்கே நீதிமன்றம் சொல்லும், சமரச மையத்துக்குப் போங்கள். எவ்வளவு? பிறகு அவள் ஜீவனாம்சம் போடுவாள், அவன் விவாகரத்து போடுவான். குடும்ப நல நீதிமன்றம் ஆலோசனைக்கு அனுப்பும். எவ்வளவு? பிறகு இரு தரப்பும் 'மியூச்சுவல்' என்ற முடிவுக்கு வந்து இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி-யில் மனுப் போடும். ஆறு மாதக் காத்திருப்பு, 2017-க்குப் பிறகு அதையும் தள்ளுபடி செய்துகொள்ளலாம். எவ்வளவு? கடைசியில் குவாஷ். ஐந்து வாசல், ஐந்து மேசை, ஐந்திலும் அதே கேள்வி. "அடிச்சானாம்மா?" என்று கேட்க இந்த அமைப்பில் ஒரு நாற்காலி போடப்படவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொன்னால் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கும்.

2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு யோசனையும் தோன்றியது: ஒவ்வொரு மாவட்டத்திலும் குடும்ப நலக் குழு, அது அறிக்கை தரும்வரை கைது கிடையாது. அடுத்த வருடமே அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, குழுவை அமைக்க நமக்கு அதிகாரம் இல்லை என்று அதைக் கலைத்தது. 2025 ஜூலையில், உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் நெறிமுறை என்ற வாசல் வழியாக அதே குழு, இரண்டு மாதக் கைது விடுமுறையோடு, திரும்பி வந்துவிட்டது. கொலைக்குக் குழு இல்லை, கொள்ளைக்குக் குழு இல்லை, சைக்கிள் திருட்டுக்குக்கூடக் குழு இல்லை. பொண்டாட்டி புகாருக்கு மட்டும் ஊர்ப் பெரியவர்கள் தேவைப்படுகிறார்கள்.

சமரசத்தின் பேரில் 498ஏ வழக்கை ரத்து செய்யலாம் என்ற வழியை 2003-ல் பி.எஸ்.ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியது. சட்டத்தில் சமரசம் இல்லையென்றால் என்ன, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்துக்கு அது தடையாகாது என்றது. 2012-ல் கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். கொலை, வன்புணர்ச்சி, கொள்ளை போன்றவற்றைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்யக் கூடாது, அவை சமுதாயத்துக்கு எதிரானவை. வரதட்சணை உள்ளிட்ட திருமணத் தகராறுகள் அடிப்படையில் இருவருக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரம், அவற்றை ரத்து செய்யலாம் என்று பிரித்தார்கள். கவனியுங்கள். நாடாளுமன்றம் சொன்னது: இது சமுதாயக் குற்றம், அதனால் சமரசம் கூடாது. நீதிமன்றம் சொன்னது: இது சொந்த விவகாரம், அதனால் சமரசம் செய்யலாம். இரண்டும் ஒரே நாட்டின் சட்டம். ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேல் வரதட்சணைச் சாவு பதிவாகிற நாடு. சாகிற வரைக்கும் அது தனிப்பட்ட விவகாரம். செத்த பிறகு சமுதாயத்துக்கு எதிரான குற்றம். இடையில் அவள் எந்தப் பெட்டியில் இருக்கிறாள் என்பதை ஸ்டவ் தீர்மானிக்கும்.

தொல்லை பிடித்த கணவன் மனைவி கௌரவமாகப் பிரிந்து போக வழி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அவளுக்கும் வேண்டும். முப்பது வயதுப் பெண், வாழ்நாள் முழுதும் ஒரு வழக்கு நம்பரோடு கட்டிக்கிடக்க முடியாது. மன்னிக்கவும் மறக்கவும் தூக்கி எறியவும் அவளுக்கு உரிமை உண்டு. அப்படியானால் அதை நேர்வழியில் செய்ய வேண்டியதுதானே? ஆந்திரா 2003-லேயே செய்துகாட்டியது. நீதிமன்ற அனுமதியோடு 498ஏ-யில் சமரசம் செய்யலாம், ஆனால் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும், அதற்குள் யாராவது மனம் மாறினால் சமரசம் இல்லை என்று மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. பிறகு 2012-ல் சட்ட ஆணையம் தன் 243-வது அறிக்கையில், இதை அனுமதியோடு சமரசத்துக்கு உரியதாக்குங்கள் என்று நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. ஓசூர் மாஜிஸ்திரேட்டே அந்தப் பெண்ணைத் தனியறையில் உட்கார வைத்து, அப்பாவையும் அண்ணனையும் வக்கீலையும் வெளியே நிறுத்தி, "உனக்கு இதில் சம்மதமா, பணம் கைக்கு வந்ததா, பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டிருக்கலாம்.

நாடாளுமன்றத்துக்கு 2023-ல் ஒரு பொன்னான வாய்ப்பு வந்தது. மூன்று குற்றவியல் சட்டங்களையும் முழுசாகத் திரும்ப எழுதினார்கள். காலனி ஆதிக்கத்தின் மிச்சத்தைத் துடைத்தோம் என்றார்கள். ஹிந்தியும் சமஸ்கிருதமுமாகப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் வக்கீல்கள் அந்தப் பெயர்களைச் சொல்லப் பழகுவதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டது. 498ஏ போய் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 வந்தது. மூன்று வருடத் தண்டனை அப்படியே. சமரசத் தடை அப்படியே. மாற்றியது எண்ணை மட்டும். அதிலும் ஒரு குசும்பைத் தங்களை அறியாமலே செய்துவிட்டார்கள்: வழக்கைப் புதைக்கும் பிரிவாக ஐம்பது வருடம் இருந்த 482, புதுச் சட்டத்தில் முன்ஜாமீன் பிரிவாகியிருக்கிறது. எதிரிகள் எப்படியும் அந்த எண்ணைத் தேடி வரத்தான் போகிறார்கள், வந்தவர்கள் ஏமாறக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

குவாஷ் நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தலைகீழாக நடக்கிற கல்யாணம். இரண்டு தரப்பும் வேன் பிடித்து வரும். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிய அதே பெரியப்பா, அதே தாய்மாமன். பட்டியல் எழுதிய நோட்டு. அன்றைக்குப் போனது இன்றைக்குத் திரும்புகிறது: எண்பது பவுனில் அறுபத்திரண்டு, மீதி அடகுக் கடையில் முழுகிவிட்டது, பீரோ ஒன்று, கட்டில் ஒன்று, வாஷிங் மெஷின் ஒன்று, வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. இந்தப் பட்டியல் கூட்டு மனுவோடு நீதிமன்றக் கோப்பில் ஏறுகிறது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் இந்த நாட்டில் குற்றம், குறைந்தது ஐந்து வருடச் சிறை. கோப்பில் கிடப்பது திரும்பிய சாமான் பட்டியல் மட்டும் அல்ல. இரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்ட குற்ற ஒப்புதல். "இவ்வளவு பவுன் எதற்கு அந்த வீட்டுக்குப் போனது?" என்று எந்த நீதிபதியும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டால் மட்டும் என்ன? கேட்காமல் அன்பாகக் கொடுத்த அன்பளிப்பு என்பார்கள். சட்டத்திலும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டுத் தகப்பன்மாருக்கு அன்பு பவுன் கணக்கில்தான் சுரக்கும்.

அழைப்பு வரும். அவளும் அவனும் முன்னே போய் நிற்பார்கள். ஆதார் நகல் சரிபார்க்கப்படும். ஸ்டேஷனிலிருந்து வந்த எஸ்.ஐ. இவர்தான் புகார்தாரர் என்று அடையாளம் காட்டுவார். அவள் கன்னம் வீங்கிப் போய் நின்ற இரவில் அடையாளம் தெரியாமல் சிஎஸ்ஆர் கிழித்துக் கொடுத்த அதே ஸ்டேஷன். "யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?" "இல்லைங்க." பின்னால் அப்பா, அண்ணன், வக்கீல், வக்கீலின் ஜூனியர். பணத்துக்கு முன் குவாஷா, குவாஷுக்கு முன் பணமா என்று நாலு மாதம் நடந்த சண்டை, கோர்ட் ஹாலிலேயே டிடி கைமாறுவது என்ற இடத்தில் சமாதானமாகியிருக்கும். டிடியில் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஜூனியர் பார்ப்பார். எழுத்துப் பிழை இருந்தால் குற்றம் இன்னும் இரண்டு வாரம் குற்றமாகவே இருக்கும். பிழை இல்லை என்றால், மனு அனுமதிக்கப்படுகிறது, கூட்டு மனு உத்தரவின் பகுதியாகும், அடுத்த கேஸ். அரசு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்பார். அரசு எதிர் இன்னார் என்று நாலு வருடம் வழக்கு நடத்திய அரசு, சமுதாயத்தின் சார்பில் ஆத்திரப்பட்ட அரசு, அரை நிமிடம் எழுந்து நின்று உட்கார்ந்துவிடும். சில நேரம் நீதிமன்றத்துக்கு மனசாட்சி உறுத்தும். அப்போது எதிரியை ஏதாவது நலநிதிக்குப் பணம் கட்டச் சொல்லும், அல்லது மரம் நடச் சொல்லும். நட்டது வேப்பங்கன்றாக இருந்தால் அடித்ததற்குப் பிராயச்சித்தம். சூடு வைத்த மாமியாருக்குத் தனிக் கன்று உண்டா என்பதில் தெளிவான முன்தீர்ப்பு இல்லை.

மனுவில் இன்னொரு பத்தி இருக்கும். கடந்த கால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதுவும் கோர மாட்டேன். பிள்ளை தாயிடம் இருக்கும், தகப்பனுக்குப் பார்க்கும் உரிமை வேண்டாம், பிள்ளையின் செலவும் வேண்டாம். யு.கே.ஜி. படிக்கிற பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் அந்த டிடி. அந்தப் பிள்ளையின் சார்பில் 'நோ அப்ஜெக்ஷன்' சொன்ன நலம் விரும்பி யார் என்று மனுவில் பெயர் இருக்காது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால் அவன் சுத்தமானவன். பாஸ்போர்ட் புதுப்பிக்கலாம், விசா வாங்கலாம், அரசு வேலைக்கான படிவத்தில் 'நிலுவையில் குற்ற வழக்கு இல்லை' என்று எழுதலாம். அவளுக்கு மட்டும் ஊர் வேறு சான்றிதழ் கொடுக்கும்: கேஸ் போட்டுக் காசு பிடுங்கியவள். தன் நகையைத் தானே திரும்ப வாங்கியதற்குப் பெயர் பிடுங்கியது. அவன் கொடுத்த இருபத்தைந்து லட்சத்தில் முக்கால்வாசி அவள் அப்பா கொடுத்ததுதான் என்ற கணக்கை டீக்கடையில் யாரும் போட மாட்டார்கள்.

அந்த இருபத்தைந்து லட்சத்துக்கு அவன் வாங்கிய கடன் மட்டும் பாக்கி. அதற்கும் வழி இருக்கிறது. அடுத்த தையில் ஜாதகம் வெளியே எடுப்பார்கள். விவாகரத்தானவர், முதல் திருமணம் சில மாதங்களே, குழந்தைப் பொறுப்பு இல்லை, வழக்கு இல்லை. புது மாமனார் விவரமானவர், அவரை எளிதில் ஏமாற்ற முடியாது. பவுன் கணக்கு பேசி முடிப்பதற்கு முன், குவாஷ் உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்று ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.